காதர் பாய் தலைமாட்டில் நட்ட சைக்கிள் பிரேம்

"குனி! குனிடா!" காதர் பாய் கத்துகிறார். குனிகிறேன். விசில் மாதிரி ஒரு சத்தம். பிறகு இடி. மாவு மில்லின் தகரக் கூரை எங்கள் மேல் கொட்டுகிறது. நோன்பு இருபத்து நாலு. காலை பத்து மணி இருக்கும். கார்த்தூமில் சண்டை தொடங்கிய நாள்.

புழுதி அடங்கியது. காவலாளி ஆதமைக் காணோம். அவர் சைக்கிள் கிடந்தது. சக்கரம் இரண்டும் அப்பளமாக நொறுங்கியிருந்தன. பிரேம் மட்டும் முழுசு.

நான் காரைக்குடிக்காரன். எலக்ட்ரீஷியன். பாய்க்குப் புதுவயல். ரைஸ் மில்களில் ஃபிட்டராக இருந்தவர். என்னைச் சூடானுக்குக் கூட்டிப் போனவரே அவர்தான். மில்லில் மாட்டிக்கொண்ட தமிழர்கள் ஆறு பேர்.

பாய் பிரேமைத் தூக்கித் தட்டிப் பார்த்தார்.

"சக்கரம் இல்லாம எங்குட்டு ஓட்டப் போறீக பாய்?" என்றேன்.

"எலும்பு இருக்குல்லடா. போதும்."

அன்று மாலை அதை இரும்புக் கதவுக்குக் குறுக்கே முட்டுக் கொடுத்தார். துப்பாக்கிக்காரர்கள் வந்தார்கள். நாலு உதை. கதவு அசையவில்லை. மறுநாள் அதுவே அடுப்பு. செங்கல் மேல் படுக்க வைத்து, அதன் மேல் சட்டி. குழாய் நின்றது. பாய் பிரேமைத் தோளில் மாட்டினார். முன்னால் ஒரு கேன், பின்னால் ஒரு கேன். நைல் ஆற்றுக்கு நடந்தார். ஆறு பேர் உயிரும் அந்த இரண்டு கேனில்தான் இருந்தது.

இப்போது காரைக்குடியில், ஓட்டலாக மாற்றிய ஒரு பங்களாவில் வயரிங் பார்க்கிறேன். போன வாரம் உடைந்த சைக்கிள் பிரேம் ஒன்றுக்கு வெள்ளை அடித்துச் சுவரில் மாட்டினார்கள். அதில் பல்பு போடச் சொன்னார்கள். "எதெதுக்கெல்லாம் ஆகுது, பாத்தீகளா!" என்றார் மேனேஜர். போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கார்த்தூமில் அன்று பெருநாள் காலை. தண்ணீருக்குப் போகிறோம், அவரும் நானும். டப். டப். கொஞ்சம் இடைவெளி. டப். மூன்றாவது குண்டு பாயின் தொடையில். பிரேமில் சாக்கைக் கட்டி, அவரைப் படுக்க வைத்து இழுத்தேன். கால்கள் தரையில் உரசின. முதல் ஆஸ்பத்திரி பூட்டு. இரண்டாவதற்குக் கூரை இல்லை. "கேன் எங்கடா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு பேசவில்லை.

தெருக்காரர்கள் தொழுகை வைத்தார்கள். காலி மனையில் அடக்கம். அங்கே அதற்குள் பதினாலு மண்மேடு. பெயர் எழுதப் பலகை கிடைக்கவில்லை. பிரேமைத் தலைமாட்டில் நட்டேன்.

இருந்த தண்ணீரை மூன்று நாள் ஓட்டினோம். நாலாம் நாள் சொட்டு இல்லை. வெறுங்கையில் கேன் தூக்க எனக்குத் தெம்பு இல்லை. போய்ப் பிடுங்கினேன். ஆமாம், பிரேமைத்தான். "சாயங்காலம் திருப்பி வச்சிர்றேன் பாய்." தண்ணீர் வந்தது. ஐந்து பேரும் குடித்தோம். மத்தியானம் இந்தியர்களை மீட்டுப் போக பஸ் வந்தது. "ஏறு! ஏறு! அஞ்சு நிமிஷந்தான்!" ஏறிவிட்டேன். பிரேம் மில் முற்றத்தில் கிடந்தது.

ஊருக்கு வந்ததும் பாய் மனைவி மைமூன் அக்காவைப் பார்க்கப் புதுவயல் போனேன். "அடையாளம் ஏதும் வச்சீகளா தம்பி?" "வச்சிருக்கேன்க்கா. சைக்கிள் பிரேம்." எப்படி வாய் வந்ததோ. அன்றிலிருந்து அதே பொய்.

இப்போது கார்த்தூமுக்கு ஜனங்கள் திரும்புகிறார்களாம். அக்கா மகன் ஜித்தாவில் வேலை பார்க்கிறான். நேற்று அக்கா போன் செய்தார். "அந்தப் பிரேமைத் தேடித்தான் எம்புள்ள சூடானுக்குக் கப்பல் ஏறுறான். நீங்க வச்சிட்டு வந்தீக. இல்லாட்டி நாங்க எதை வச்சுத் தேடுவோம்?"

அவன் கப்பல் ஏறுவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். மைமூன் அக்கா, அந்த அடையாளத்தைப் பிடுங்கியது நான். தண்ணீருக்காக. என்னை மன்னிக்க வேண்டாம்.

இழந்தவை: மில் ஒன்று. எங்கள் ஆறு பேர் பாஸ்போர்ட். தண்ணீர் கேன் இரண்டு. சைக்கிள் பிரேம் ஒன்று. ஆதம், காணவில்லை. காதர் பாய், வயது ஐம்பத்தெட்டு. நான் கிளம்பிய அன்று மண்மேடு இருபத்து மூன்று. அதில் அவருடையது எது என்று சொல்ல இனி யாரும் இல்லை.