ஓரத்துல எழுநூறு அறை

எரியுதுதான் டாக்டரம்மா. மருந்து விட்டா எரியும்னு நர்ஸும் சொன்னாங்க. பரவாயில்லை, கண்மணி விரியற வரைக்கும் இப்படியே உக்காந்திருக்கேன். ஆனா எனக்கு வேண்டியது கண்ணாடி இல்லீங்க. ஒரு கடிதாசு. என் கண்ணு எவ்வளவு மோசம்னு உங்க கைப்பட எழுதி முத்திரை குத்திக் குடுங்க. திங்கக்கிழமைக்குள்ள வேணும்.

லீவு போடவா? நல்லா கேட்டீங்க போங்க. லீவுக்கு வயித்துவலி போதாதா!

விண்கலம் செய்யற இடத்துல வேலை. ராக்கெட் இல்லீங்க, எல்லாரும் அதையேதான் கேக்கறாங்க. மேல அனுப்பறது ராக்கெட். ஆளுங்க உக்காந்து திரும்பக் கீழ வர்ற கலம் இருக்கு பாருங்க, நாங்க செய்யறது அது. அதுக்கு அடியில, பெரிய கிண்ணத்தோட அடிப்பாகம் மாதிரி ஒரு கவசம். நான் அதுல வேலை செய்யறேன்.

கலம் வர்ற வேகம் செகண்டுக்கு ஏழெட்டு கிலோமீட்டர். காத்துக்கு விலகி வழிவிடக்கூட நேரம் கிடைக்காது, முன்னாடியே நசுங்கும். நசுங்கினா சுடும். சைக்கிளுக்குக் காத்தடிச்சா பம்போட அடிப்பக்கம் சுடுமே, அதே கதைதான். என்ன, இங்க இரும்பே உருகற சூடு.

தடுக்கறதா? அதைத் தடுக்க முடியாதுங்க. கவசம் கொஞ்சம் கொஞ்சமாக் கருகி உதிரும், உதிரும்போது சூட்டையும் கூட்டிக்கிட்டுப் போயிடும். எரியறதுதான் அதோட வேலையே. ஆனா வெளிப்பக்கத்துலேர்ந்து சீரா எரியணும். ஒரு இடம் பேந்துச்சுன்னா அந்தப் பொந்து வழியா சூடு உள்ள பூந்துடும்.

என் நாத்தனா பாராசூட் மடிக்கிற பிரிவுல இருக்கா. கேலி பண்ணுவா, அண்ணி, என் வேலை விரிஞ்சு நின்னு போட்டோவுக்குச் சிரிக்கும், உன் வேலை கரியாத்தான் வந்து சேரும்னு. நான் விடுவேனா? அடி போடி, என் கரி ஒழுங்கா வந்து சேந்தாத்தான் உன் குடையை விரிக்கறதுக்கே கலம்னு ஒண்ணு மிஞ்சும்னுவேன்.

கவசம் முழுக்கத் தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைங்க. ஒவ்வொரு அறைக்குள்ளயும் கருவியோட மூக்கை விட்டு, அடியிலேர்ந்து பசையை நிரப்பிக்கிட்டே மெதுவா மேல வரணும். எல்லாம் கையாலதான். முடிக்கும்போது விளிம்புல நூல் மாதிரி ஒரு பளபளப்பு, வட்டமா வரும். வட்டம் முழுசா வந்தா பசை சுவத்தைப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம். எங்கயாவது அறுந்து நின்னா பிடிக்கலை, தோண்டி எடுத்துட்டு மறுபடி நிரப்பணும். பசை ஈரமா இருக்கும்போதே பாத்துடணும், காஞ்சுட்டா அறுந்ததும் முழுசு மாதிரியே மின்னும். ஓரத்துல எழுநூறு அறை என் பொறுப்பு.

எக்ஸ்ரேயா? எடுக்கறாங்களே. எங்க மேற்பார்வையாளரும் இதைத்தான் சொன்னார். அவருக்கு நாங்க வச்ச பேரே 'அப்புறம்'. எதைக் கேட்டாலும் அப்புறம் பாக்கலாம்பார். பத்து நாளைக்கு முன்னாடி அவர்கிட்டப் போய், ஓரத்து எழுநூறையும் தோண்டணுங்கன்னேன். அன்னிக்குன்னு பாத்து அப்புறம்னு சொல்லலை மனுஷன். இப்பவே முடியாதுன்னுட்டார். படம் சுத்தமா இருக்காம். உள்ள குமிழி இருந்தா படத்துல தெரியுங்க. பசை சுவத்தைவிட்டு முடியளவு விலகி நின்னா தெரியாது. அது அவருக்கும் தெரியும். தோண்டி நிரப்ப ஆறு வாரம் ஆகும், அதுவும் தெரியும். திங்கக்கிழமை கவசத்தைக் கலத்தோட சேத்து முடுக்கறாங்க. முடுக்கினதுக்கு மேல பிரிக்க மாட்டாங்க.

மூணு பேர் டாக்டரம்மா. அதை நம்பி முதுகைச் சாச்சுக்கிட்டு மூணு பேர் இறங்கி வரணும். போன மாசம் எங்க கூடத்துக்கு வந்திருந்தாங்க. அதுல ஒரு பொண்ணு, அக்கா, உங்க அறை எதுன்னா. காட்டினேன். குனிஞ்சு பாத்துட்டு, ஒவ்வொண்ணுலயும் மோதிரம் மாதிரி மின்னுதேன்னா. நானும் குனிஞ்சேன். எனக்கு எல்லாம் ஒரே பழுப்பா இருந்துச்சு.

மேலதிகாரிகிட்டயும் போனேனே. தண்ணி குடுத்தார். உன் கை தங்கக் கையாச்சேம்மா, களைப்பா இருப்ப, ரெண்டு நாள் ஓய்வெடுன்னார். சுவத்துக்கிட்டப் பேசினாக்கூட எதிரொலி வரும். எனக்கு வட்டம் தெரியலை சார்னு கத்தியே சொல்லிட்டேன். உடனே கோப்பைத் திறந்து காட்டறார். வருஷாந்திர கண் பரிசோதனை, கடைசி வரி வரைக்கும் ஒரு பிழை கிடையாது. போன வருஷமும் அப்படித்தான், இந்த வருஷமும் அப்படித்தான். மனசுப் பிரமையாம். எனக்கு!

மேல பாக்கணுமா? சரி. அம்மாடி, என்னா வெளிச்சம்.

ரெண்டு கண்ணுலயும் புரையா? எவ்வளவு நாளா இருக்கும்? ஒண்ணரை வருஷமா... ம். இந்தக் கவசத்துல நான் கை வச்சுப் பதினாலு மாசம்தான் ஆச்சு. ஆபரேஷன் இருக்கட்டும், அதை அப்புறம் பாக்கலாம். பாருங்க, அந்த ஆளோட வார்த்தை எனக்கும் ஒட்டிக்கிச்சு.

தெரியாம எப்படி நிரப்பினேன்னா, பழகின கைங்க. நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு சரியாத்தான் இருக்கும். அந்த மீதி ரெண்டு எங்க இருக்குன்னு எனக்கே தெரியாது. அதனாலதான் எழுநூறையும் தோண்டச் சொல்றேன்.

கடைசி வரி வரைக்கும் படிச்சது எப்படின்னு நீங்களும் கேக்கறீங்க. படிக்கலைங்க. எங்க இடத்துல ஒரே அட்டைதான், மாத்தறதே இல்லை. எல்லாரும் வரிசையில நின்னு சத்தமாப் படிப்பாங்க. நான் கடைசி ஆளாப் போய் நின்னுப்பேன். என் முறை வர்றதுக்குள்ள முப்பது தடவை காதுல விழுந்துடும். கருவியைப் பிடுங்கிட்டுக் கூடம் பெருக்க விட்டுடுவாங்களோன்னு பயம். ரெண்டு வருஷமும் ஒப்பிச்சேன். கண்ணு மோசம்னு மட்டும் எழுதினா நம்ப மாட்டாங்க டாக்டரம்மா, அதையும் சேத்து எழுதிடுங்க.