ஜீப்புக்குப் போட்ட பூசை

"தண்ணி படக்கூடாதுன்னு மெக்கானிக் சொன்னதை இப்பத்தான் சொல்றீங்களா?"

திருச்செங்கோட்டிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மா தன் வீட்டுக்காரரைக் கேட்டார். வெளியே தூறல் வலுத்துக்கொண்டிருந்தது.

"மழைக்கு ஒழுகுதுன்னுதான் அந்தப் பழைய ஜீப்புக்கு முன்கண்ணாடியும் ரப்பரும் நேத்து மாத்துனேன். கண்ணாடியை ஒட்டுன பேஸ்ட் காயறதுக்குள்ள நீ காலைல கழுவிப் பூசை போட்டுட்ட."

"அப்பவே சொல்றதுக்கென்னங்க?"

"வாயைத் தொறந்தேன். பூசை நேரத்துல அபசகுனமாப் பேசாதீங்கன்னு நீதான் அடக்குன."

"கைக்கொழந்தையோட புள்ளயும் மாப்பளையும் அதுலதானுங்க ஆத்தூர் போயிருக்கறாங்க. இந்த மழைக்குக் கண்ணாடி நிக்குமுங்களா?"

அந்த அம்மா விடாமல் அழைத்த பிறகுதான் மகள் போனை எடுத்தாள். அவள் பேசியதைக் கேட்டுவிட்டு, அம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

"ஊடு போய்ச் சேந்துட்டாங்களாம். அங்க மழையே இல்லையாம். சம்பந்தியம்மா பூசை போடறதுக்கு வண்டியைக் கழுவச் சொல்லிட்டு நிக்கறாங்களாம்."

"தண்ணி ஊத்த வேண்டாம்னு சொல்லு."

"சம்பந்தியம்மாகிட்ட, பூசை நேரத்துல, நான் எப்படிங்க அபசகுனமாப் பேசறது?"