வடக்குச் சுவரோரத்துச் செடி

— கையை எடு, டென்சில்! தொடாதே. நீ தொட்ட வரைக்கும் போதும்.

— இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சு வீடு வந்து அரை மணி நேரம் ஆகலை, வெர்னா. உள்ள வந்து டீ குடி. செடி எங்கேயும் ஓடிப்போகாது.

— எப்படி ஓடும்? அதான் கருகி நிக்குதே! இலை ஓரமெல்லாம் பாரு, அடுப்புல வாட்டின மாதிரி. சாக்கு போட்டு மூடலையா நீ?

— நீ இல்லாத ஏழு வாரமும் மூடினேன். சாயங்காலம் மூடி, காலையில எடுத்தேன். தெற்கேருந்து குளிர்காத்து வீசினப்போ மழையில நனைஞ்சுக்கிட்டுக் கல்லு வெச்சேன். தினம் போன்ல கேப்பியே, எனக்குப் பொய் சொல்ல வராது.

— அப்ப கருகினது குளிரால இல்லை. இரு... என்ன நாத்தம் இது? கோழி எருவா?

— நம்ம கோழிங்களோடதுதான். நல்லா மக்கினது.

— அடப்பாவி! எவ்வளவு போட்டே?

— வாரம் ஒரு வாளி.

— ஏழு வாளியா! எலுமிச்சை மரம்னு நெனைச்சியா இதை?

— எலுமிச்சைக்கு என்ன குறைச்சல்? எருவும் போடுறேன், பீர் குடிச்சுட்டு ஒண்ணுக்கும் அடிக்கிறேன். கொத்துக் கொத்தாக் காய்க்குது.

— இதுக்கும் அடிச்சியா?

— பக்கத்து வீட்டு மர்ஜரியோட ஜன்னல் இந்தப் பக்கம் பாத்து இருக்கு. அதனால தப்பிச்சுது.

— சிரிப்பா இருக்கா உனக்கு? இந்த நாட்டு மண்ணுல பொறந்த காட்டுப் பூச்செடி, கிரெவில்லியாய்யா இது! எரு இதுக்கு விஷம். வேரே வெந்துபோகும். இங்க ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும்!

— சரி, சரி. கத்தாதே. இடுப்பு பிசகிடப் போகுது.

— பிசகட்டும்! வெள்ளிக்கிழமை தாவரவியல் பூங்காவிலேருந்து நட்டு வளக்கக் குச்சி வெட்ட வர்றாங்க. வடகோடியில, கேப் யார்க் மலையில இருந்த பதினோரு செடியும் போன வருஷத் தீயில போச்சு. இந்த வகையில உலகத்துலேயே மிச்சம் இது ஒண்ணுதான். அவங்களுக்கு என்ன பதில் சொல்லுவேன்?

— செத்துப்போச்சுன்னு சொல்லு.

— எப்படிய்யா வாய் வருது? ஒம்பது வருஷம்! வெப்பக்காட்டுல வளர்றதைக் கொண்டாந்து இந்தக் குளிர்க் கடலோரத்துல, வடக்கு வெயில் தங்குற ஒரே சுவத்தோரம் வெச்சு, பொத்திப் பொத்தி வளத்தேன்.

— அந்த இடத்துல அதுக்கு முன்னாடி யார் படுத்துக் கெடந்தா, ஞாபகம் இருக்கா?

— டெஸ்ஸா? நாயை எதுக்கு இப்ப இழுக்கிறே? வேர் மேல படுத்துப் படுத்து மண்ணை இறுக்குச்சு, வேலி போட்டேன்.

— ஒம்பது வருஷம் வேலிக்கு வெளிய, ஈரத்துல படுத்துக்கிட்டு அந்தச் சுவத்தையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. நீ ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாள் செத்துச்சு. போன் பண்ணி அழுதேன் உன்கிட்ட.

— மருந்து மயக்கத்துல இருந்தேன். ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பேனே.

— சொன்னே. ‘ஐயோ பாவம். சாக்கு போட்டியா?’

— சரி. அது தப்புதான், ஒத்துக்கிறேன். அதுக்காக இதை விட முடியுமா? வேலியில பலகை மாட்டியிருக்கேன், சிவப்புப் பெயிண்டுல, கையகல எழுத்துல, ‘எரு போடாதே’ன்னு! கண்ணு எங்க போச்சு உனக்கு? எப்பவும் போலக் கண்ணாடியைத் தொலைச்சுட்டியா?

— இல்லை வெர்னா. கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் படிச்சேன். டெஸ்ஸைப் புதைச்சுட்டு வந்த கையோட, முதல் வாளியைக் கொட்டுறதுக்கு முன்னாடி.