ஒரு தட்டு, இரண்டு கை

றிப்காவின் கைக்கு மருதோன்றி நன்றாகச் சிவக்கும். நான் போட்டுவிட்டால் இன்னும் சிவக்கும். மூன்று வருடமாக ஏறாவூரில் ஒரே வாடகை அறையில் இருந்து பல்கலைக்கழகம் போய்வந்தோம். பெருநாளுக்கு ஊர் போகுமுன் அவள் கையை என் மடியில் வைத்துப் போட்டுவிடுவேன். இந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் போட்டேன். மணிக்கட்டில் ஒரு பிறை, அதற்குள் ஒரு சின்னப் பூ. அந்தப் பூவை நான் வேறு யாருக்கும் போடுவதில்லை.

பல்கலைக்கழக விசாரணைக்கு நீங்கள் கூப்பிட்டதால் சொல்கிறேன், மேடம். எங்கள் முஸ்லிம் பெண்பிள்ளைகள் பலர் ஸ்டேட்டஸில் முகம் போடுவதில்லை. கையைப் போடுவோம், தேநீர்க் கோப்பையைப் போடுவோம். முகம் இல்லாவிட்டால் யாரென்று தெரியாது என்று ஒரு நம்பிக்கை. றிப்கா அந்தக் கையைப் படமெடுத்துக் குடும்பக் குறூப்பில் போட்டாள். கட்டாரில் வேலை செய்யும் அவளுடைய அண்ணன், றிஸான் காக்கா, அதற்கு இதயம் போட்டிருந்தார். அதை எனக்குக் காட்டினாள். அப்போதெல்லாம் எதையும் எனக்குக் காட்டுவாள்.

பெருநாள் முடிந்து வந்ததும் அது நின்றது. ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். பாஸ்வேர்டை மாற்றினாள். ஏன் என்று கேட்டேன்.

"முப்லி, நீ என்ட ஃபோனுக்குள்ளயே குடியிரிக்காய். கொஞ்சம் வெளிய வாடி" என்று சிரித்தாள்.

சிரித்துக்கொண்டு சொன்னால் கோபம் வராது என்று நினைத்தாள் போலும். எனக்கு வந்தது. அவள் டெங்குக் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவள் நான். அப்போது நான் யாருடைய ஃபோனுக்குள் இருந்தேன்?

அந்தச் சனிக்கிழமை, உம்மாவுக்குச் சுகமில்லை, காத்தான்குடிக்குப் போகிறேன் என்றாள். மத்தியானம் எங்கள் வகுப்பு ஷெரோனின் ஸ்டேட்டஸைத் திறந்தேன். பாசிக்குடாக் கடற்கரை. ஒரு தட்டில் இறால் வடை, அதில் மூன்று கை. ஒன்று ஷெரோனுடையது, அவள் முகமும் தெரிந்தது. ஒன்று கடிகாரம் கட்டிய ஆண் கை. அது அவளுடைய அண்ணன் ஜெனிஸ்டன், வேன் ஓட்டிப் போனவர். மூன்றாவது கையில் என் பிறை இருந்தது.

காத்தான்குடி தெற்கே, பாசிக்குடா வடக்கே. வகுப்பில் பாதிப்பேர் போயிருந்தார்கள். முப்லிஹாவுக்குச் சொல்லாதீர்கள் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டது றிப்காதான் என்று பிறகு தெரிந்தது. என்ன திமிர்.

காக்காவின் நம்பர் என்னிடம் இருந்தது. றிப்காவின் ஃபோன் பழுதானபோது என் ஃபோனில்தான் அவரோடு பேசுவாள். நான் மரியாதையாகத்தான் எழுதினேன். "காக்கா, உம்மாக்கு இப்ப எப்பிடி? றிப்கா ஊருக்குப் போறண்டு சொல்லிட்டுப் போன. இந்தப் படத்தப் பாத்ததும் யோசனையாப் போச்சு." அதில் ஒரு பொய்யும் இல்லை. நீங்களே வாசித்துப் பாருங்கள். கூடவே படத்தையும் அனுப்பினேன். ஒரு தட்டு, இரண்டு கை.

இரண்டுதான். அதற்குத்தான் வருகிறேன்.

காக்காவுக்கு அந்த மருதோன்றியை அடையாளம் காண நேரம் எடுக்கவில்லை. அவர் படத்தை வீட்டுக்கு அனுப்ப, அடுத்த நாள் அவளுடைய வாப்பா ஹமீட் ஆட்டோவில் வந்தார். சத்தம் போடவில்லை. படத்தைக் காட்டினார், றிப்காவின் ஃபோனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டார்.

"படிச்சது போதும். சாமானக் கட்டு" என்றார்.

இறுதிப் பரீட்சை நெருங்கியிருந்தது. படத்தை அனுப்பியது யாரென்று றிப்காவுக்குத் தெரியாது. அதனால் என் கையையே பிடித்துக்கொண்டாள். "முப்லி, ஷெரோனும் பக்கத்துலதான் இருந்த. அது அவட அண்ணன்டி. வாப்பாக்கிட்டச் சொல்லு. நீ சொன்னா நம்புவார்."

அவர் என்னைப் பார்த்தார். உண்மையாகவே நம்பியிருப்பார். ஓம், ஷெரோனும் இருந்தாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் இன்றைக்கும் வகுப்பில் இருந்திருப்பாள்.

"நான் அங்க போகல்லயே, றிப்கா. எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன்.

அதுவும் பொய்யில்லை. என்னை யார் கூப்பிட்டது?

ஷெரோனை வெட்டியது நான்தான், மேடம். படத்தின் ஓரத்தை விரலால் கொஞ்சம் இழுத்தால் போதும், முகமும் கையும் போய்விடும். வெட்டினால் றிப்கா ஓர் ஆணோடு தனியே இருந்ததுபோல் இருக்கும் என்று தெரிந்துதான் வெட்டினேன். அவள் படிப்பு நிற்கும் என்றும் தெரியும். கோபத்தில்தான் செய்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, ஆனால் அது றிப்காமேல் இல்லை. அவளை என்னிடமிருந்து பிரித்தவர்கள்மேல்.

ஷெரோன் காத்தான்குடிக்கே போய் முழுப் படத்தையும் காட்டிவிட்டாள் என்கிறீர்கள். அப்படியும் வாப்பா இறங்கிவரவில்லையாம். நான் தினமும் அவளுக்கு மெசேஜ் போடுகிறேன். இன்னும் ஒரு டிக்தான் விழுகிறது. ஃபோன் கைக்கு வந்ததும் முதலில் எனக்குத்தான் பதில் எழுதுவாள். என்னை விட்டால் அவளுக்கு இப்போது யார் இருக்கிறார்கள்?