மேனேஜர் வீட்டு விருந்து

"என் விருந்துக்கு வர நீ லீவு போட்டா, நானே அத ரிஜெக்ட் பண்ணணும் தம்பி."

மலேசியாவின் சுங்கைப் பட்டாணியில் ஒரு கேக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் இப்படிச் சொன்னார். தொழிற்சாலையில் பல வருடம் சூப்பர்வைசராக இருந்து, போன வாரம்தான் மேனேஜர் ஆனாராம். பக்கத்தில் நின்றவர் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர். முப்பது வருடமாக ஒரே நாற்காலியில் ஓர் உயர்வும் காணாமல் உட்கார்ந்திருக்கும் நான், ரொட்டி வாங்க வந்த இடத்தில் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"நான் மட்டுமாண்ணே? நம்ம லைன் ஆளுங்க எல்லாருக்குமே சனிக்கிழமை ஷிப்ட் இருக்கு."

"எல்லாரையும் விட்டுட்டா மெஷின யாரு பாக்கிறது? மேல உள்ளவங்க என்னத்தான் கேப்பாங்க லா."

"அப்ப விருந்துக்கு யாரு வருவா? அண்ணி அம்பது பேருக்குப் பிரியாணி சொல்லிட்டாங்களாமே."

"மத்த மேனேஜருங்க வருவாங்க."

"அவங்களுக்கு உங்க பேரு தெரியுமாண்ணே?"

மேனேஜர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பெரிய கேக்கைக் கைகாட்டினார்.

"சரி, கேக்க ஃபேக்டரிக்கே கொண்டாந்துடறேன். டீ டைம்ல எல்லாரும் சேர்ந்து வெட்டிச் சாப்பிடலாம்."

"வெட்டலாம்ணே. ஆனா, டீ டைம நீங்க திங்கக்கிழமைதான் அஞ்சு நிமிசமா கொறச்சீங்க. சாப்பிட நேரம் பத்தாது."