இஞ்சி கொஞ்சம் தூக்கலாக

எலுமிச்சம்பழத்தை நறுக்கும் முன் உள்ளங்கையால் அழுத்தி மேசைமேல் ஒருமுறை உருட்டிக்கொள்ள வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு பிழிந்தால் பாதிச் சாறு தோலிலேயே தங்கிவிடும். இது உங்களுக்குத் தேவையில்லாத விவரமாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பானத்தை எப்படிச் செய்தேன் என்று முதலில் கேட்டது நீங்கள்தான் மேடம். கேட்டதற்குப் பதில் சொல்லியே எனக்குப் பழக்கம்.

அன்னாசியை அன்றன்றைக்குத்தான் நறுக்குவேன். அதோடு ஆரஞ்சு, எலுமிச்சை, சர்க்கரைப் பாகு, முட்டையின் வெள்ளைக்கரு, இஞ்சிச் சாறு. எல்லாவற்றையும் இறுக்கமாக மூடுகிற கண்ணாடி ஜாடியில் ஊற்றி, முதலில் ஐஸ் இல்லாமலும் பிறகு ஐஸ் போட்டும் குலுக்க வேண்டும். கை வலிக்கும் வரை குலுக்கினால் மேலே விரல் கனத்துக்கு வெள்ளை நுரை நிற்கும். அந்த நுரைதான் பானத்துக்கே அழகு. கீழே இருக்கும் வாசனையையும் அது மேலே விடாது.

இஞ்சியை முதல் நாளிலிருந்தே கொஞ்சம் தூக்கலாகப் போட்டேன். தொண்டையில் சுருக்கென்று இறங்கும். ஏன் அப்படிப் போட்டேன் என்றால், அன்றைக்கு எனக்கே தெரியாது என்றுதான் சொல்வேன்.

என் மனைவி நகரப் பேருந்து ஓட்டியவள். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கடை கீழே, வீடு மாடியில். அவள் பல வருடங்கள் குடித்தாள். அது டிப்போவுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும், அவள் தங்கைக்குத் தெரியும். அந்த வருடங்களில் நாங்கள் ஒருநாள்கூடச் சண்டை போட்டதில்லை என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. நான்தான் அவள் ஷூவைக் கழற்றுவேன். விரிப்பை மாற்றுவேன். டிப்போவுக்குப் போன் போட்டு, காய்ச்சல் என்பேன். விடிந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லைன்னா நான் எப்பவோ செத்துருப்பேங்க" என்பாள். தினமும் இதைக் கேட்டுப் பழகியவனுக்கு அது இல்லாமல் பொழுது விடியாது. நீங்கள் கல்யாணமானவர் என்றால் புரியும்.

பிறகு ஒருநாள் படிக்கட்டில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில், ஈரல் இறுகிப் போய்விட்டது, இனி ஒரு வாய் குடித்தாலும் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்னார். நான் கட்டில் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். நன்றாகக் காதில் விழுந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் எதையும் மறைக்கவில்லை.

அவள் நிறுத்திவிட்டாள். எல்லாரும் நிறுத்துவதாகச் சொல்வார்கள், இவள் உண்மையாகவே நிறுத்தினாள். குடியால் டிக்கெட் அறையில் உட்காரவைத்திருந்தவளிடம் டிப்போவில் மறுபடி வண்டியைக் கொடுத்தார்கள். மதிய ஷிஃப்ட். வண்டி எடுக்கும் முன் ஒரு கருவியில் ஊதிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

"கையில ஒரு கிளாஸ் இல்லாம என்னமோ போல இருக்குங்க. புளிப்பா ஏதாவது பண்ணித் தாங்களேன்" என்று அவள்தான் கேட்டாள். அப்படித்தான் இதைக் கற்றுக்கொண்டேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கிளாஸ். பல மாதங்கள் வெறும் பழம்தான்.

அந்த மாதங்களில் அவள் வேறு ஆளாகிவிட்டாள். கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தினாள். மஞ்சள் திரை வாங்கினாள். போனில் டிப்போக்காரர்களோடு விழுந்து விழுந்து சிரித்தாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நிமிர்ந்து, "ஏன் என்னையே பார்த்துக்கிட்டு இருக்கீங்க? நான் என்ன டிவியா?" என்றாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் சொன்னாள். "வெளியூர் வண்டிக்குக் கேட்டிருக்கேன். போனா ரெண்டு மூணு நாள் அங்கேயே தங்கணும். தனியா இருந்து பார்க்கணும்னு ஆசையா இருக்குங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "தாராளமா போய்ட்டு வா" என்றேன். மறுநாள் ஜாடியைக் குலுக்கும் முன் ஒரு மூடி வோட்கா ஊற்றினேன்.

ஒரு மூடிதான். பாட்டில் கடையில் இருந்தது, லென்ஸ் துடைக்கும் திரவப் பாட்டில்களோடு. அந்த வரிசையில் இன்னொரு பாட்டில் இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அவள் குடித்துவிட்டு, "இன்னைக்கு இஞ்சி நல்லா ஏறுது" என்றாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். அவளுக்கு வித்தியாசமே தெரியவில்லை. நல்ல கைப்பக்குவம் என்று என்னைப் பாராட்டினாள்.

ஒருநாள் வேலைக்குப் போன வேகத்திலேயே திரும்பி வந்தாள். சீருடையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மெஷின்ல கோளாறுன்னு சொன்னேன். மறுபடி ஊதச் சொன்னாங்க. மறுபடியும் அதேதான். எல்லாரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கே..."

"இருமல் மருந்து ஏதாவது குடிச்சியா?"

"இல்லையே."

"நல்லா யோசிச்சுப் பாரு" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன்.

அவள் யோசிக்க ஆரம்பித்தாள். வாய் கொப்பளிக்கும் திரவத்தைத் தூக்கி எறிந்தாள். சென்ட் பாட்டிலை எறிந்தாள். இரண்டாவது முறையும் ஊதி மாட்டிக்கொண்டதும், கூட வேலை செய்கிற ஓட்டுநர் ஒருவர் இவளுடைய தண்ணீர் பாட்டிலில் எதையோ கலக்கிறார் என்று நம்பினாள். அவரிடமே போய்க் கேட்டிருக்கிறாள். இரண்டு பிள்ளைகளின் தகப்பன், பாவம், கண்ணீர் விட்டுவிட்டாராம். அதன்பின் யாருடனும் உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினாள். "இனிமே உங்க கையால குடுக்கறதைத் தவிர எதையும் வாயில வைக்க மாட்டேங்க" என்றாள். அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் தங்கை வந்து எங்களோடு தங்கினாள். அலமாரி, தண்ணீர்த் தொட்டி, அரிசி டப்பா, மெத்தைக்கு அடியில் என்று ஓரிடம் விடாமல் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. கெட்டிக்காரப் பெண்தான். தேடி முடித்ததும் கண் என் பக்கம் திரும்பியது. "எனக்கும் அதுல ஒரு கிளாஸ் குடுங்க அத்தான்" என்றாள். அவள் எதிரிலேயே பிழிந்து, குலுக்கி, ஒரே ஜாடியிலிருந்து இருவருக்கும் ஊற்றினேன். அன்றைக்கு வெறும் பழம்தான். அவள் கிளாஸைக் காலி செய்துவிட்டு, "சாரி அத்தான்" என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சங்கடப்பட்டிருப்பாள். இரண்டு நாளில் ஊருக்குக் கிளம்பிவிட்டாள்.

அதன்பிறகு என் மனைவிக்குச் சந்தேகப்பட வேறு ஆள் இல்லை.

"நான் தூக்கத்துல எழுந்து குடிக்கிறேனாங்க? நீங்க ஏதாவது பார்த்தீங்களா?"

"நான் அசந்து தூங்கிடறேன். ஒரு தடவை சமையலறையில விளக்கு எரிஞ்ச மாதிரி இருந்துச்சு. கனவாக்கூட இருக்கலாம்."

தன் உள்ளங்கையை முகர்ந்து பார்ப்பாள். மூச்சை ஊதிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். குடித்தேனா இல்லையா என்று தெரியாமல் ஒரு மனுஷி தவிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது லேசான காரியமில்லை. தெரிந்துவிட்டால் நிம்மதி என்று எனக்குத் தோன்றியது. அதற்காகத்தான் காலியான அந்த வோட்கா பாட்டிலை அவளுடைய பழைய மழைக்கால பூட்ஸுக்குள் வைத்தேன். அவளே கண்டெடுத்தாள். அழவில்லை. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "அப்ப நான்தான்" என்றாள்.

வேலை வேண்டாம் என்று அவளே எழுதிக் கொடுத்துவிட்டாள். வெளியூர் வண்டிப் பேச்சும் அதோடு நின்றது. படுக்கை அறைக் கதவில் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது பற்றிக் கேட்டீர்கள். அது என் யோசனை இல்லை. "என்னை உள்ள வச்சுப் பூட்டிடுங்க. என்னை எனக்கே நம்பிக்கையில்லை" என்று அவள்தான் கெஞ்சினாள். நான் தாழ்ப்பாளைப் போடும்போதெல்லாம் உள்ளேயிருந்து தேங்க்ஸ் என்பாள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. நினைத்தேன். ஆனால் திடீரென்று நிறுத்தினால் உடம்பு கேட்கும், கை நடுங்கும், தூக்கம் போகும். பழைய நாட்களில் அதையெல்லாம் கிட்டே இருந்து பார்த்தவன் நான். அவள் கஷ்டப்படுவதை என்னால் தாங்க முடியாது. அதனால் மதியக் கிளாஸை ஒருநாளும் தவறவிடவில்லை.

ரத்த வாந்தி எடுத்தபோதும் கிளாஸ் அவள் பக்கத்தில்தான் இருந்தது. நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவள் இறந்தபின் வீட்டைக் கழுவ வந்த மைத்துனி, குளிர்பெட்டியில் மிச்சமிருந்த ஜாடியைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்ததும், அதை உங்களிடம் கொண்டுவந்ததும் பிறகு நடந்தவை. ஆய்வகத்துக்கெல்லாம் அனுப்பியிருக்க வேண்டாம். என்னைக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். ஆம், கலந்தது நான். செத்துவிடுவாள் என்று தெரிந்தும் கலந்தேன். கையெழுத்துப் போடச் சொன்னால் போடுகிறேன்.

ஆனால் அவளை நான் வெறுத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர், "மறுபடி குடிச்சீங்களா?" என்று கேட்டார். அவள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஆமா டாக்டர், குடிச்சிருக்கேன். ஞாபகம்தான் இல்லை" என்றாள். தங்கை தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனாள்.

டாக்டரும் போன பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்குத் துரோகம் பண்ணிட்டேங்க. இவ்வளவு பார்த்துக்கிட்டீங்களே. என்னை மன்னிச்சிடுங்க" என்றாள்.

நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். மன்னித்துவிட்டேன் என்றேன். ஒப்புக்குச் சொல்லவில்லை மேடம். இன்றுவரை அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.