சுவருக்கு உள்ளேயா, வெளியேயா?

1. பேசுபவன்: ச. தைரியநாதன், வழக்கறிஞர், பெரிய காஞ்சிபுரம். சமயத்தால் கத்தோலிக்கன்.
2. பேசும் இடம்: பங்குக் கோவில் முற்றத்து மேடை, 1971ஆம் ஆண்டுத் திருவிழா மாலை.
3. நானே கேட்டதை நானே கேட்டதாகவும், பிறர் சொன்னதைப் பிறர் சொன்னதாகவும் மட்டுமே இங்கே சொல்வேன்.

விழாவுக்குத் தலைமை ஏற்று வீற்றிருக்கும் அருட்தந்தை அவர்களே! அவருக்கு வலப்புறம் அமர்ந்திருக்கும் பங்குப் பெரியவர்களே! விடிந்தது முதல் வேலை பார்த்த கைகளோடு வந்து பாயில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மதம் வேறானாலும் மனம் வேறாகாத சைவ நெசவாளப் பெருமக்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

"மனிதன் யார்? திருச்சபை சொல்வதும் சட்டம் சொல்வதும்." இது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. நேற்றுவரை இதில் நான் தெளிவாக இருந்தேன். இன்று காலை முதல் தெளிவாக இல்லை.

தறி நெய்யும் சூசைநாதனை நீங்கள் அறிவீர்கள். அவர் மனைவி ஆரோக்கியத்துக்கு இன்று விடியற்காலை, காலத்துக்கு முன்னரே, பிரசவம் ஆயிற்று. கணவர் மருத்துவச்சியை அழைக்கப் போயிருந்தார். உடனிருந்தவர் அடுத்த வீட்டு வடிவாம்பாள் அம்மையார் ஒருவரே. அவர் சைவர். குழந்தை துவண்டு கிடந்தது. சாகும் குழந்தைக்கு ஆபத்து வேளையில் யாரும், ஆம், எந்த மதத்தவரும், தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் தரலாம் என்பது நம் திருச்சபையின் போதனை. வாசலில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கஞ்சி பூசிக்கொண்டிருந்த வேளை அது. அம்மையார் கைக்கு ஒரு செம்பு அகப்பட்டது. அதில் இருந்தது தண்ணீர் அல்ல. பாவுக்குக் கரைத்த கஞ்சி!

அவரே என்னிடம் சொன்னார்: "அந்த அவசரத்துல எந்தச் செம்புன்னு யாருப்பா பாத்துக்கினு இருந்தா? ஊத்துனேன். பிதா சுதன் பரிசுத்த ஆவி பேரால உனக்கு ஞானஸ்நானம் குடுக்கறேன்னு சொன்னேன். ஆரோக்கியந்தான் படுத்துக்கினே சொல்லிக் குடுத்துச்சு."

குழந்தை பிழைக்கவில்லை. பங்குப் பெரியவர் ராயப்பனார் கேட்டார்: "கஞ்சி தண்ணி ஆவுமா, வக்கீல் சார்? ஆவாதுன்னா அது ஞானஸ்நானம் இல்ல. ஞானஸ்நானம் இல்லாத புள்ளைங்கள கல்லறைச் சுவருக்கு வெளியதான வெக்கறோம்?"

சூசைநாதன் அழவில்லை. "வெளிய மாடு மேயுது சார்," என்றார். அவ்வளவுதான்.

குழந்தை இன்னும் தாயின் பக்கத்தில் கிடக்கிறது. இருட்டுவதற்குள் புதைக்க வேண்டும். எங்கே?

நான் சட்டம் படித்தவன். சட்டத்தைத் தேடிப் போனேன். இந்த ஊர்ச் சிவன் கோவிலில் உறையும் தெய்வம் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள்; வழக்குத் தொடுக்கலாம். நம் கூட்டுறவுச் சங்கம் ஓர் ஆள், சொத்து வாங்கலாம். பிரசவ வேளையில் உடலின் ஒரு பகுதி வெளியே வந்த குழந்தையைக் கொன்றால், அது மூச்சே விட்டிராவிட்டாலும், கொலைக் குற்றமாகலாம். அதே குழந்தை சொத்தில் பங்கு பெற வேண்டுமானால் உயிரோடு பிறந்திருக்க வேண்டும்! ஒரு சட்டத்துக்கு ஆள், மறு சட்டத்துக்கு ஆள் இல்லையா? இது என்ன நியாயம்? இது என்ன கணக்கு?

"வக்கீலுக்கே தெரியலையா?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார். தெரியவில்லை, ஐயா. ஃபீஸ் வாங்காத நாளில்தான் இந்த உண்மையை என்னால் சொல்ல முடிகிறது.

சட்டத்தை விட்டு வேதத்திடம் போனேன். மனிதன் தேவ சாயல் என்றது. பணத்தால் அல்ல, பலத்தால் அல்ல, பட்டத்தால் அல்ல, படைத்தவனின் சாயலால் அவன் மனிதன் என்றது. மகிழ்ந்தேன். அந்தச் சாயல் செம்பில் இருந்தது என்ன என்று பார்த்தா வருகிறது? அப்படியானால் சுவர் எதற்கு? சுவர் சரி என்றால் சாயல் எங்கே? குழம்பினேன், இப்போதும் குழம்பி நிற்கிறேன்.

வடிவாம்பாள் அம்மையாரிடம் மறுபடி போனேன். "குழந்தைக்கு உயிர் இருந்ததா, அம்மா?" என்றேன். "அழுவல. ஆனா தொண்டைக்குழி ஒருதரம் ஏறி எறங்குச்சு. நான் பாத்தேன்," என்றார். "நிச்சயமா?" என்றேன். "ஏம்பா, கோர்ட்டுன்னு நெனச்சியா? எம் மடியிலதான கெடந்துச்சு!" என்றார்.

மூச்சு இருந்ததா? ஒரு சாட்சி இருக்கிறார். கஞ்சி தண்ணீரா? சந்தேகம். ஞானஸ்நானம் செல்லுமா? சந்தேகம். பெரியோர்களே! சந்தேகம் வந்தால் நீதிமன்றம் என்ன செய்கிறது? அதன் பலனைக் குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுக்குத் தருகிறது. கொலை செய்தானோ என்று நாம் ஐயுறும் மனிதனுக்குத் தருகிறது! ஒரு குற்றமும் செய்ய நேரமில்லாத குழந்தைக்கு அதைத் தர நமக்கு என்ன தடை?

கஞ்சி தண்ணீர்தான் என்று நான் வாதிடவில்லை. எனக்குத் தெரியாது என்கிறேன். உங்களுக்கும் தெரியாது என்கிறேன். தெரியாதவர்கள் எந்த உரிமையில் ஒரு குழந்தையை வெளியே வைப்பது? தெரியாதபோது உள்ளே வையுங்கள்! தவறானால் அந்தத் தவறு அன்பின் பக்கம் நடந்த தவறாக இருக்கட்டும்!

தலைவர் அருட்தந்தை அவர்கள் எழுந்து நிற்கிறார். என்ன சொல்கிறார்? அமைதி, அமைதி... கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளையைப் பார்த்துக் கேட்கிறார்: "கல்லறைச் சாவி எங்கப்பா?"

இதற்குமேல் எனக்குப் பேச்சில்லை. பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி, வணக்கம். கைதட்ட வேண்டாம், ஐயா. சூசைநாதன் வீட்டுக்கு நடப்போம், வாருங்கள்.

(ஒப்பம்) ச. தைரியநாதன்

சாட்சிகள்:
வடிவாம்பாள்
ராயப்பன்